பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் சன்னல்களை மூடிக்கொண்டு காரில் செல்லும்போதும் காதருகே ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கும். அதில் ஒரு பகுதி பக்கக் கண்ணாடியிலிருந்து எழுகிறது. முகப்புக் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் முன்தூணைச் சுற்றி வரும் காற்று, கண்ணாடிக் கூட்டுக்கும் சன்னலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் வேகம் கூடிப் பாய்ந்து, கூட்டின் பின்னால் சுழல்களாகச் சிதறுகிறது. காற்றில் விரையும் பொருள் முன்புறம் உருண்டும் பின்புறம் மெல்ல ஒடுங்கியும் இருப்பது நல்லது. ஆனால், ஓட்டுநர் பார்க்கும் கண்ணாடி பின்னோக்கிப் பரந்திருந்தே ஆக வேண்டும் என்பதால், அந்தக் கூட்டை எவ்வளவு செதுக்கினாலும் அது பாதியில் வெட்டிய முட்டையாகவே நின்றுவிடுகிறது.

கண்ணாடிக்குப் பதிலாகக் கேமரா வைத்து, அது காட்டுவதைக் காருக்குள் ஒரு திரையில் பார்த்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது. ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்ணான காற்றெதிர்ப்புக் கெழுவை 0.189 வரை குறைத்த வோக்ஸ்வேகன் எக்ஸ்எல்1 காரில் வெளிக் கண்ணாடிகளே இல்லை. 2018இல் அறிமுகமான அவுடி இ-ட்ரான், கண்ணாடியோடு 0.28 ஆக இருந்த கெழுவைக் கேமரா பொருத்தி 0.27க்குக் கொண்டுவந்தது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், மணிக்கு 130 கிலோமீட்டரில் ஓடும் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் இது நல்ல ஆதாயம். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வேகவரம்பு 90தான். அந்த வேகத்தில் விசை பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே நமக்குக் காற்றைவிடக் கண்ணே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடியில் தெரியும் லாரியைப் பார்க்கும்போது நம் கண் கண்ணாடியின் பரப்பில் அன்றி, அதற்கு அப்பால் தோன்றும் பிம்பத்தில்தான் குவிகிறது. சாலையிலிருந்து பார்வையைத் திருப்பினாலும் குவியம் அதிகம் மாறுவதில்லை. திரையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இளைஞருக்கு இது பொருட்டன்று. வெள்ளெழுத்து வந்த என்னைப் போன்றோருக்கு ஒவ்வொரு முறையும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும், கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் கண் தடுமாறுகிறது. தலையைச் சற்று முன்னே சாய்த்தால் கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் தெரியும். திரையில் அந்த வசதியும் இல்லை. மாலையில் மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலம் நோக்கித் தடங்களுக்கு இடையே வரிசையாக வரும் மோட்டார்சைக்கிளோட்டிகளைக் கவனித்துத் தடம் மாறுபவருக்கு அந்தச் சிறு சாய்வு எவ்வளவு உதவுகிறது என்பது தெரியும்.

அதனால் திரையை எங்கே வைக்கிறார்கள் என்பது கேமராவின் இடத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவுடி அதைக் கதவில், பழகிய கண்ணாடியைவிடத் தாழ்வாக வைத்தது. அதே 2018இல் ஜப்பானில் வந்த லெக்சஸ் இஎஸ் காரில் திரை முன்தூணின் அடியில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் பழகிய கண் போகும் திசை அதுதான். ஆயினும் அங்கே திரை பெரிதானால், வலப்பக்கம் திரும்பும்போது சாலையைக் கடக்கும் பாதசாரியைத் தூணோடு சேர்ந்து மறைத்துவிடும். சில தயாரிப்பாளர்கள் கண்ணாடியைத் தூணின் மூலையிலிருந்து அகற்றிக் கதவின் மேல் பொருத்தி, நடுவில் காணக்கூடிய இடைவெளி விடுவதன் ஒரு பயன், அந்தப் பாதசாரி கண்ணில் படுவதே.

பின்புறக் கேமராவின் நிலை வேறு. காற்றுக்கு இசைவாகக் கூரை சரிந்திறங்கும் கார்களில் பின்சன்னல் படுத்துக் கிடப்பதால் உட்புறக் கண்ணாடியில் தெரிவது ஒரு குறுகிய கீற்று மட்டுமே. அங்கே கேமரா உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆனால், ஓடும் காரின் முதுகுப்புறம் காற்றழுத்தம் குறைந்து சுழல்வதால், மழைநாளில் சக்கரங்கள் தெறிக்கும் சேற்றுநீர் அங்கேயே வந்து படிகிறது. எண் தகட்டின் அருகிலுள்ள கேமரா முதலில் மங்குவது இதனால்தான். சில வோக்ஸ்வேகன் கார்களில் அது சின்னத்தின் பின்னே ஒளிந்திருந்து, பின்னோக்கிச் செலுத்தும்போது மட்டும் வெளிவருகிறது. ஓடும்போது பின்னால் வருபவரைப் பார்ப்பதற்கான கேமராவுக்கு அப்படி ஒளிய வழியில்லை. அதைக் கூரையின் பின்விளிம்பில், சேறு எட்டாத உயரத்தில் வைப்பதே சரியான இடம்.