பட்டம் தராத படிப்புக்கு ஏன் போக வேண்டும்? மியூசியத்துக்குள் நடக்கும் மேற்படிப்பு பற்றி

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் முடித்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார். "அண்ணா, நியூயார்க்கில் விட்னி மியூசியம் ஒரு படிப்பு நடத்துகிறதாம். கலையும் விமர்சனக் கோட்பாடும் சொல்லித் தருகிறார்களாம், ஆனால் கடைசியில் பட்டம் கிடையாதாம். அப்புறம் எதற்கு அதற்குப் போகிறார்கள்? எம்.ஏ. படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்வது?"

நல்ல கேள்வி தங்கை. வீட்டில் என்ன சொல்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் கஷ்டம்.

நீங்கள் கேட்பது விட்னியின் இண்டிபெண்டன்ட் ஸ்டடி புரோகிராம், சுருக்கமாக ஐஎஸ்பி என்பார்கள். 1968-ல் தொடங்கியது. ரான் கிளார்க் என்பவர் தொடங்கி ஐம்பது வருடத்துக்கும் மேலாக அவரே நடத்தினார், 2023-ல்தான் பொறுப்பு கிரெக் போர்டோவிட்ஸ் கைக்கு வந்தது, அவரும் அங்கே படித்தவர்தான். செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். படைப்பாளிகள் ஒரு பிரிவு, கண்காட்சி அமைக்கும் கியூரேட்டர்கள் ஒரு பிரிவு, எழுதுகிறவர்கள், ஆராய்கிறவர்கள் ஒரு பிரிவு. எல்லாரும் சேர்ந்தாலே 25 பேர் வாக்கில்தான் இருப்பார்கள். ஓவியம் வரைகிறவரும் கட்டுரை எழுதுகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்க வேண்டும். விமர்சனக் கோட்பாடு என்றால் சமூகத்தையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்கிற சிந்தனை, அவ்வளவுதான். மார்க்ஸ், ஃப்ராய்ட், பிரெஞ்சு மார்க்சியரான அல்தூசர், பெண்ணியம், காலனியம் பற்றிய எழுத்துகள், இப்படிப் போகும். வாராவாரம் ஒரு கலைஞரோ சிந்தனையாளரோ வந்து உட்கார்ந்து பேசுவார். ஹான்ஸ் ஹாக்கே, மேரி கெல்லி, மார்த்தா ரோஸ்லர், ஹால் ஃபாஸ்டர் எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள். ஜென்னி ஹோல்சர், ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ், கிளென் லிகன் எல்லாம் அங்கே படித்தவர்கள். ஹாலிவுட்டில் ஆஸ்கார் வாங்கிய இயக்குநர் கேத்ரின் பிகலோகூட எழுபதுகளில் ஓவியராக அங்கே இருந்தவர்தான்.

பட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. அப்படியானால் என்னதான் கிடைக்கிறது?

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் மியூசியத்தைப் பற்றிப் படிக்கலாம். எந்தப் படத்தை யார் வாங்கினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யாருடைய படம் கிடங்கிலேயே கிடக்கிறது, சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை யார் எழுதினார்கள், எதை விட்டுவிட்டு எழுதினார்கள் என்றெல்லாம் கேட்கலாம், கேட்டுவிட்டுத் தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அப்படி முடியாது. நீங்கள் கேள்வி கேட்கிற இடம்தான் உங்களுக்கு வகுப்பறையும் ஸ்டுடியோவும் கொடுத்திருக்கிறது. அதன் சேகரிப்பிலிருந்தே எடுத்துக் கண்காட்சி வைக்கலாம். 1993-ல் அங்கே கியூரேட்டர் பிரிவில் இருந்தவர்கள் அருவருப்பு, உடல் கழிவு, ஆசை இதையெல்லாம் மையமாக வைத்து 'அப்ஜெக்ட் ஆர்ட்' என்று ஒரு கண்காட்சியை விட்னியிலேயே வைத்தார்கள். மாணவர்கள் வைத்த கண்காட்சி, இன்றைக்கும் கலை வரலாற்றில் அதைப் பேசுகிறார்கள்.

இதில் ஹாக்கே கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது தெரிந்தால் மீதி புரிந்துவிடும். 1971-ல் அவருக்கு நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் தனிக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஹார்லமிலும் லோயர் ஈஸ்ட் சைடிலும் ஏழைகள் குடியிருந்த பழைய கட்டடங்களை, 142 இடம், வாசலில் நின்று போட்டோ எடுத்தார். ஒவ்வொன்றின் கீழேயும் முகவரி, யார் பெயரில் இருக்கிறது, அடமானம் எவ்வளவு என்று டைப் அடித்து ஒட்டினார். எல்லாம் அரசு பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய தகவல். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், வேறு வேறு கம்பெனி பெயரில் இருக்கும் அத்தனை கட்டடமும் ஒரே வட்டத்து ஆட்களிடம் இருப்பது தெரியும். அவ்வளவுதான். திட்டவில்லை, கோஷம் போடவில்லை. மியூசியத்தின் இயக்குநர் இது கலை ஆகாது என்று கண்காட்சியையே ரத்து செய்தார், ஹாக்கே பக்கம் நின்ற கியூரேட்டருக்கு வேலை போனது.

அதே படைப்பை 2007-ல் விட்னியும், பார்சிலோனாவில் இருக்கும் மாக்பா மியூசியத்தின் அறக்கட்டளையும் சேர்ந்து விலைக்கு வாங்கின. ஒரு மியூசியம் வாசலிலேயே நிறுத்தியதை முப்பத்தாறு வருடம் கழித்து இரண்டு மியூசியம் கூட்டாக வாங்குகின்றன. வாங்கிய இரண்டு இடத்திலுமே அப்போது இப்படி ஒரு படிப்பு இருந்தது. மாக்பாவில் 2006-ல் தொடங்கினார்கள், சுருக்கமாக பி.இ.ஐ. (PEI) என்பார்கள், பெரும்பாலும் ஸ்பானிஷ் மொழியில் நடப்பது, அதனால் மொழி தெரியாமல் அங்கே முயற்சி பண்ண வேண்டாம்.

ஆனால் தங்கை, அந்தக் கதை 1971-லேயே முடிந்துபோன கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2015-ல் மாக்பாவில், ஸ்பெயினின் முன்னாள் மன்னரைக் காட்டும் ஒரு சிற்பத்துக்காக இயக்குநர் ஒரு கண்காட்சியை நிறுத்தினார், எதிர்ப்பு வந்ததும் திறந்துவிட்டார், தானும் ராஜினாமா செய்தார். போகும்போது அதை அமைத்த இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கிவிட்டுப் போனார். அதில் ஒருவர் பால் பிரெசியாடோ, அந்தப் படிப்பையே இயக்கியவர். 2025 மே மாதம் விட்னியில், ஐஎஸ்பி கண்காட்சியோடு சேர்ந்து நடக்க இருந்த, பாலஸ்தீனத் துக்கத்தைப் பற்றிய ஒரு நிகழ்த்துகலையை மியூசியம் ரத்து செய்தது. அதற்கு முன்னால் வேறு இடத்தில் நடந்தபோது பார்வையாளர்களில் ஒரு சாராரை வெளியே போகச் சொன்னார்கள், அதை ஏற்க முடியாது என்பது மியூசியம் சொன்ன காரணம். படித்துக்கொண்டிருந்தவர்கள் இது தணிக்கை என்றார்கள். ஜூன் மாதம் 2025-26 ஆண்டுக்கான படிப்பையே நிறுத்திவைத்தார்கள், துணை இயக்குநர் பதவியையும் எடுத்துவிட்டார்கள். போர்டோவிட்ஸ் அதற்கு முன்பே இயக்குநர் பொறுப்பை விட்டிருந்தார், படிப்புக்கு இயக்குநர் இல்லாததுதான் காரணம் என்று மியூசியம் சொன்னது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. மியூசியத்தைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த அரை நூற்றாண்டு இடம் அது. கேள்வி கேட்கிறவருக்கு இடம் கொடுத்தவர்களே அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவும் முடியும். விண்ணப்பிக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் இப்போது சேர்க்கை நிலவரம் என்ன என்பதை விட்னியின் இணையதளத்தில் நேராகப் பாருங்கள், வேறு யாரோ பழைய வீடியோவில் சொன்ன தேதியை நம்பாதீர்கள்.

எம்.ஏ.வா இதுவா என்று கேட்டீர்கள். கல்லூரியில் ஆசிரியர் வேலை வேண்டும், நெட் தேர்வு எழுத வேண்டும் என்றால் முதலில் எம்.எஃப்.ஏ.வோ எம்.ஏ.வோ முடியுங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம். மியூசியத்தோடு சேர்ந்த படிப்பும் வேண்டும், பட்டமும் வேண்டும் என்றால், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடு 1989-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது, கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் என்று முதுகலை தருகிறார்கள். அது வேறு மாதிரி படிப்பு, பொருளைப் பாதுகாக்கவும் அடையாளம் காணவும் சொல்லிக்கொடுப்பது. ஐஎஸ்பி மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதுகலையை முடித்துவிட்டு, தன் வேலையில் ஒரு முட்டுச்சந்து வந்த பிறகு போகிறார்கள். உங்களுக்கு இப்போதுதான் இளங்கலை முடிந்திருக்கிறது. இரண்டு மூன்று வருடம் வரையுங்கள், எழுதுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை சொல்கிறேன். எழும்பூர் மியூசியத்துக்குப் போய் வெண்கலச் சிலைகள் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சிலை முன்னால் நில்லுங்கள். அங்கே இருப்பதில் பல, மண்ணைத் தோண்டும்போது கிடைத்து, 1878-ம் வருடத்துப் புதையல் சட்டத்தின் வழியாக வந்தவை. பூஜையில் இருந்த சாமி எப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கலைப்பொருள் ஆனது, லேபிளில் எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று இருக்கிறது, என்ன இல்லை, பார்க்க வருகிறவர்களில் யார் கும்பிடுகிறார்கள், யார் செல்ஃபி எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் பத்துப் பக்கம் எழுதுங்கள். நான்கு நண்பர்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டி, அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எழுத்தும் படைப்பும் கேட்கும்போது கையில் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.

வீட்டில் என்ன சொல்வது? பட்டம் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியூயார்க்கில் ஒன்பது மாதம் வாடகைக்கு எவ்வளவு ஆகும், எந்த உதவித்தொகைக்கு எழுதப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு அம்மா அப்பா முன்னால் வையுங்கள். அந்தப் பத்துப் பக்கத்தையும் கூடவே வையுங்கள், அவர்களும் படிக்கட்டும்.