ஊசலுக்கு வளைகோடு தேடிய ஹைகென்ஸ்

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்டியான் ஹைகென்ஸ் என்றதும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒளியின் அலைக்கொள்கைதான் நினைவுக்கு வரும். 1629-இல் தி ஹேக் நகரில் பிறந்த இவர், 1655-இல் சனிக் கோளின் டைட்டன் நிலவைக் கண்டறிந்தவரும்கூட. ஆனால் இன்று நான் பேச விரும்புவது அவருடைய ஊசல் கடிகாரத்தைப் பற்றித்தான்.

அக்காலக் கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி நேரம்வரை பிசகின. 1656-இல் ஹைகென்ஸ் ஊசலைப் பொருத்தியதும் அந்தப் பிசகு சில விநாடிகளாகச் சுருங்கியது. வேறொருவராக இருந்தால் அதோடு நிறைவடைந்திருப்பார். ஊசல் எவ்வளவு அகலமாக வீசினாலும் அலைவு நேரம் மாறாது என்று கலிலியோ கருதியிருந்தார். வட்ட வில்லில் ஆடும் ஊசலுக்கு அது பொருந்தாது, வீச்சு கூடினால் நேரமும் சற்றே கூடும் என்பதை ஹைகென்ஸ் அறிந்திருந்தார். அப்படியானால் எந்த வளைகோட்டில் ஆடினால் நேரம் மாறாதிருக்கும்?

விடை 1659-இல் கிடைத்தது. உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் கோடான சைக்ளாய்டுதான் அது. ஊசலின் நூல் தொங்கும் இடத்தில் இருபுறமும் வளைந்த தகடுகளை அவர் பொருத்தினார். ஊசல் அகன்று வீசும்போது நூல் தகட்டின்மீது படிவதால் அதன் நீளம் குறைகிறது, குண்டும் சைக்ளாய்டு பாதையில் செல்கிறது. அத்தகடுகளின் வடிவமும் சைக்ளாய்டுதான் என்பதை அவர் நிறுவிய விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1673-இல் பாரிசில் வெளியான அவருடைய நூலில் இதன் முழு நிரூபணம் இருக்கிறது. வீச்சைச் சில பாகைகளுக்குள் அடக்கும் பொறியமைப்பு பின்னர் வந்ததால் தகடுகள் வழக்கொழிந்தன. அவற்றுக்காக அவர் உருவாக்கிய வளைகோட்டுக் கணிதமோ நிலைத்துவிட்டது.

1665 பிப்ரவரியில், உடல்நலமின்றி அறையில் அடைந்துகிடந்தபோது, கடற்பயணத்துக்கென உருவாக்கி அருகருகே தொங்கவிட்ட இரு கடிகாரங்களின் ஊசல்கள் எப்போதும் எதிரெதிர்த் திசையில் ஒத்து ஆடுவதை அவர் கவனித்தார். வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் அவை பழைய ஒழுங்குக்குத் திரும்பின. முதலில் காற்றின் அசைவே காரணமென்று எண்ணியவர், சோதித்துப் பார்த்து, இரண்டையும் தாங்கிய கட்டையின் கண்ணுக்குப் புலப்படாத அசைவே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். இணைந்த அலைவுகள் ஒத்திசையும் இந்நிகழ்வுக்கு நமக்குக் கிடைத்துள்ள முதல் பதிவு அதுவே.