கால்வாய் வெட்டப் போனவர் கண்ட வரிசை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பாறையைக் கையில் எடுத்துப் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிட முடியாது. நிறமும் உதவாது, கனமும் உதவாது. ஒரே மாதிரிக் களிமண் வெவ்வேறு காலங்களில் பலமுறை படிந்திருக்கிறது. உள்ளே புதைந்துபோன உயிர்களின் தடயங்கள், அதாவது புதைபடிவங்கள்தான் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்மித். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

1769இல் இங்கிலாந்தில் பிறந்த கொல்லர் மகன் அவர். தொழில், நில அளவை. 1790களில் சாமர்செட் பகுதியில் நிலக்கரி கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார்கள். எந்த மண் தண்ணீரைத் தாங்கும், எது ஒழுகவிடும் என்று அவர் பார்த்தாக வேண்டும். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு அடுக்குகளில் கிடக்கும் சிப்பிகள் வேறு வேறு. எங்கே தோண்டினாலும் அந்தச் சிப்பிகள் அதே வரிசையில்தான் வந்தன.

பாத் நகரத்துப் பக்கம் ரிச்சர்ட்சன் என்றொரு பாதிரியார் புதைபடிவங்கள் சேர்த்து வைத்திருந்தார். ஸ்மித் அவற்றைப் பார்த்து, இது இந்த அடுக்கு, அது அந்த அடுக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். பாதிரியார் அசந்துபோனார். இருக்காதா பின்னே! சேர்த்தது அவர், ஆனால் விலாசம் சொன்னது இவர். 1815இல் ஸ்மித் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பெரிய நிலவியல் வரைபடம் வெளியிட்டார். நான்கே ஆண்டில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். நிலவியல் சங்கத்தின் பதக்கம் 1831இல்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிணாமத்தை விளக்கிய டார்வினின் புத்தகம் வந்தது 1859இல். பரிணாமத்தை நம்பித்தான் அடுக்குகளை வரிசைப்படுத்தினார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். அப்படியல்ல. வரிசை முதலில் வந்தது, விளக்கம் அப்புறம்தான் வந்தது.

சரி, எல்லாப் புதைபடிவமும் உதவுமா? தேதி இல்லாத பழைய புகைப்படம் ஒன்று கிடைக்கிறது. பெல்பாட்டம் போட்டிருந்தால் காலத்தைச் சொல்லிவிடலாம். வெறும் வெள்ளைச் சட்டை என்றால் சொல்ல முடியாது. கடலில் பரவலாக வாழ்ந்த, சுருள் ஓடுள்ள அம்மோனைட் என்ற உயிரின் வகைகள் சீக்கிரம் சீக்கிரமாக மாறின, அதனால் அவை பெல்பாட்டம். பல கோடி ஆண்டுகளாகத் தோற்றம் பெரிதாக மாறாத லிங்குலா என்ற சிப்பி போன்ற கடலுயிர் வெள்ளைச் சட்டை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டே விஷயம். புதைபடிவம் முன்னது பின்னது சொல்லும், ஆண்டுக் கணக்குச் சொல்லாது. புதைபடிவம் கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால், அதிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளப்பார்கள். அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தன என்பதெல்லாம் இப்படி ஆண்டு தெரிந்த அடுக்குகளை வைத்துத்தான். அப்புறம், பழைய பாறையிலிருந்து அரித்துவந்த புதைபடிவம் புதிய அடுக்கில் கலந்திருக்கலாம். அதனால் ஓர் அடுக்கில் இருப்பவற்றுள் மிக இளையதைத்தான் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.