ஒருவர் ‘குறையில்லை’ என்கிறார், இன்னொருவர் ‘பற்றவைக்காதீர்கள்’ என்கிறார்: வாடகை வீட்டு கேஸ் சோதனை

[காட்சி: குளியலறைச் சுவரில் கேஸ் கீசர்]

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் அழைத்து வந்த மெக்கானிக் கீசரைப் பார்த்து, ‘ஒரு குறையும் இல்லை’ என்றார். சில மாதம் கழித்து கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்தவர், ‘இதைப் பற்றவைக்கவே கூடாது’ என்றார். யாரை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். யார் கெட்டிக்காரர் என்பதை விடுங்கள். யார் எதைச் சோதித்தார் என்று கேளுங்கள்.

[காட்சி: இணைப்பில் சோப்பு நுரை]

முதலாமவர் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். குமிழி வரவில்லை, ஆகவே கசிவில்லை. அவர் வேலை அதோடு முடிந்தது. கசிந்தால் நமக்கே தெரிவதற்காகத்தான் சமையல் எரிவாயுவில் எத்தில் மெர்காப்டன் கலந்து நாற்றம் ஏற்றுகிறார்கள்.

[காட்சி: அட்டை வைத்து அடைத்த வென்டிலேட்டர்]

இரண்டாமவர் பார்த்தது எரியும் விதத்தை. போதிய காற்று கிடைக்காமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சோப்பு நுரையில் அது சிக்கவே சிக்காது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, குளிக்கப் போனவர் உள்ளேயே மயங்கி விழக்கூடும்.

சோதித்த மாதத்தையும் கேளுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று சுழற்றி அடிக்கும். அந்தக் காற்று தாங்காமல் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடுபவர்கள் உண்டு. சித்திரையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்த அறையும், தையில் அடைத்துக்கொண்டு குளிக்கும் அறையும் ஒன்றல்ல.

முடிவு தெரியும்வரை கடுமையாகச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். கீசரை நிறுத்தி, அதன் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடுங்கள். அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிப்பது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மூன்றாவது ஆளை அழைத்து ஓட்டெடுப்பு நடத்துவதில் பயனில்லை. ஆள் உள்ளே இல்லாமல், கதவை அடைத்து, கீசரை எரியவிட்டு, கார்பன் மோனாக்சைடு மானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவை எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுவதே சரி. அதன் பிறகு இந்தச் சண்டைக்கே இடமில்லை.

செலவு யாருடையது? கீசர் வீட்டோடு வந்ததென்றால் உரிமையாளரிடம் கேட்பதுதான் நியாயம். உங்கள் அடுப்பும் ரப்பர் குழாயும் உங்கள் பொறுப்பு. குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று உரிமையாளர் வாயால் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். இரண்டு மெக்கானிக்குகளும் சொன்னதைத் தேதியோடு எழுதி, அடைத்த வென்டிலேட்டரின் படத்தையும் சேர்த்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கீசரை வெளியே மாற்றுவதையே ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

இடையில் எப்போதாவது கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.