சொந்தக் கணக்கில் எழுதுவதற்கு நிறுவனம் தடை போடலாமா?

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "சமூக ஊடகக் கொள்கை என்று பன்னிரண்டு பக்கங்களை அனுப்பி, படித்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எதையும் சொந்தக் கணக்கில்கூட எழுதக் கூடாதாம். நண்பர்களுடைய வாட்ஸ்அப் குழுவும் இதில் அடங்குமா? இதற்காக வேலையை விட்டு அனுப்ப முடியுமா?"

அந்தப் பன்னிரண்டு பக்கங்களை நான் பார்க்கவில்லை. ஆனால் இதுபோன்ற ஆவணங்களைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். நிறுவனத்துக்குச் சொந்தமானதை வெளியிடாதே என்பது ஒரு விதி, நிறுவனத்தைப் பற்றிப் பேசாதே என்பது வேறொரு விதி. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி ஒரே கையெழுத்தை வாங்கிவிடுகிறார்கள்.

முதல் விதியில் நிறுவனத்தின் பிடி உறுதியானது. இதில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் ரகசியத்தை விற்கக் கிளம்பியவர்கள் அல்லர். பிறந்தநாளுக்கு மேசையைச் சுற்றி நின்று கேக் வெட்டுகிறார்கள், படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையில் வாடிக்கையாளரின் பெயரும், மென்பொருள் வெளியாக வேண்டிய தேதியும் நீல மையில் பளிச்சென்று தெரிகின்றன. முகத்தில் கிரீம் பூசிக்கொண்டு சிரிப்பவருக்கு அது கண்ணில் படுவதில்லை, வாடிக்கையாளருக்குப் படுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காலாண்டு முடிவுகள் போல, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலை முன்கூட்டியே பகிர்வது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குற்றம். அங்கே "விளையாட்டாகப் போட்டேன்" என்ற பதில் எடுபடாது.

இரண்டாவது விதிக்கு வருவோம். நீங்கள் கேட்ட வாட்ஸ்அப் கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரான பதில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து 2023 இல் வந்தது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்கள் மட்டுமே இருந்த வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்து எழுதியதற்காக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான மெமோ, கொடுக்கப்பட்டது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். பணியாளர்களுக்கு மனக்குறை இருப்பது இயல்பு, அதைத் தங்களுக்குள் கொட்டித் தீர்ப்பது நிறுவனத்துக்கே நல்லது, நிறுவனத்தின் பெயர் உண்மையிலேயே பாதிக்கப்படும்போதுதான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பார்க்கப்போனால், தேநீர்க் கடையில் நின்று மேலாளரைத் திட்டாத அலுவலகம் உலகில் உண்டா?

ஆனால் இந்தத் தீர்ப்பை அப்படியே உங்களுக்கான கவசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பொதுத் துறை சார்ந்த வங்கி, ஆகவே ஊழியர் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு சார்ந்த அமைப்பின் நடவடிக்கையை எதிர்க்கும் மனு, போட முடிந்தது. தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் உங்களுக்குப் பொதுவாக அந்த வழி கிடையாது. உங்களுக்குக் கைகொடுப்பது 1947 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 41 ஆம் பிரிவின்படி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி முன்னறிவிப்பின்றி நீக்குவதாக இருந்தால் விசாரணை நடத்தி, அதில் பதிவான ஆதாரத்தோடுதான் நீக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பத்துப் பேர் மட்டும் இருக்கும் மூடிய குழுவையும், யாரும் பார்க்கக்கூடிய எக்ஸ் தளப் பதிவையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். அதே சமயம், அந்தப் பத்துப் பேரில் ஒருவர் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்பிவிட்டால் உங்கள் மூடிய குழு திறந்த வெளியாகிவிடும். சுயவிவரத்தில் "கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்" என்று எழுதிவைப்பதற்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய வரியிலேயே நிறுவனத்தின் பெயரும் பதவியும் இருந்தால் படிப்பவர் எதைப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கையெழுத்து விஷயத்தில் என் கருத்து இது. போடாமல் இழுத்தடிப்பதால் சந்தேகப் பார்வைதான் மிஞ்சும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "நற்பெயருக்குக் களங்கம்" என்பதில் சம்பளத்தைப் பற்றியோ வேலை நேரத்தைப் பற்றியோ பேசுவது அடங்குமா, மூடிய குழுக்கள் அடங்குமா என்று மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்ததும் அதை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவைக்கத் தோன்றும். அதையே விதிமீறல் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு, ஆகவே நகல் ஒன்றை அவர்களிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.