சட்டியும் அகப்பையும்

அவைத் தலைவர் அவர்களே, தலைமை விருந்தினராக வந்து சிறப்பித்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே இந்த மேடையைத் தந்த திரைப்படக் கழகச் செயலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒளிப்பதிவுத் துறைப் பெரியோரே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, வணக்கம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மியூசிக் வீடியோ நாலு நிமிடக் கலை. கதையை விரித்துச் சொல்ல நேரமில்லை. அதனால் பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே கிடக்கும் படத்தைத் தட்டி எழுப்புகிறது. பழைய காட்சித்துண்டை ஒட்டுவது, காட்சியைப் புதிதாக அமைத்து எடுப்பது, அசைவை மட்டும் எடுத்துக்கொள்வது என வழிகள் மூன்று. மூன்றையும் பேசுகிறேன்.

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1984-இல் 'ரேடியோ கா கா' வீடியோவில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 1927 ஜெர்மன் மௌனப்படம் 'மெட்ரோபோலிஸ்' காட்சிகளையே சேர்த்தது. ஒட்டும் வழிக்கு இது சான்று.

அமெரிக்க ராக் குழு ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 1996 'டுநைட், டுநைட்' வீடியோ, பிரெஞ்சு இயக்குநர் மெலியேஸின் 1902 நிலாப் பயண மௌனப்படத்தைப் புதிதாக அமைத்தது. மெலியேஸ் சாயல் வேண்டுமென்றால் ஃபிரேம் 4:3. கேமரா ஸ்டாண்டை விட்டு அசையக் கூடாது. ஆள் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். பின்னணி தீட்டிய திரை. நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் அந்தக் காலத்துத் துள்ளல் வரும். ஆனால் அசைவு ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். எனவே படப்பிடிப்பில் பாட்டை மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஒலிக்க விடுங்கள். மறந்தால் உதடு பாட்டை முந்திக்கொண்டு ஓடும். அகலத்திரையில், கையில் கேமரா பிடித்து எடுத்துவிட்டு மேலே கீறலும் தூசியும் போட்டால் ஏமாறுவார் யாருமில்லை.

அசைவுக்கு வருகிறேன். பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மாக்கர் 1983-இல் 'ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்' என்ற நடனத்தை அமைத்தார். நான்கு பெண்கள், சில நாற்காலிகள். தலை சாய்ப்பார்கள், முடியைக் கோதுவார்கள், தோளிலிருந்து சட்டையை நழுவவிட்டு உடனே இழுத்துக்கொள்வார்கள். மறுபடி, மறுபடி அதே. 2011-இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவுண்ட்டவுன்' வீடியோ வந்தது. பார்த்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்: அதே நாற்காலி, அதே தோள்! கோபமா, பெருமையா என்று கீர்ஸ்மாக்கர் அம்மையாரைக் கேட்டார்கள். இரண்டும் இல்லை, ஆனால் இது திருட்டு என்றார். தூண்டுதல்களில் அதுவும் ஒன்று என்று பியான்சே ஒப்புக்கொண்டார். 2013-இல் கீர்ஸ்மாக்கர் அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? அதே அசைவுகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் காணொளிகளை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் ஆடி அனுப்புங்கள் என்று உலகத்தையே அழைத்தார்!

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சரி, சட்டி யாருடையது? 1992 இறுதிவரை எம்டிவி என்ற அமெரிக்க இசைத் தொலைக்காட்சியில் வீடியோவின் இயக்குநர் பெயரே வராது. பாடகர், பாட்டு, ஆல்பம், வெளியிட்ட நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள்தான் வரும். இயக்குநருக்கு அந்த நியாயம் கிடைத்தது. அவர் எடுத்தாண்ட மூலத்துக்கு இன்னும் இல்லை.

பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமல்ல. இணையத்தில் கிடைத்த ஸ்டில்லைப் பெயரில்லாமல் மூட் போர்டில், அதாவது படத்தின் தோற்றத்தைத் திட்டமிட மாதிரிப் படங்களைச் சேர்க்கும் பலகையில், ஒட்டுகிறோம்; எடிட் முடியும் நாளில் அது எந்தப் படம் என்று யாருக்கும் நினைவில்லை. ஒட்டும்போதே கீழே படைப்பு, படைத்தவர், ஆண்டு எழுதுங்கள். எடிட் முடிந்ததும் திரையில் மிஞ்சிய மூலங்களை வீடியோ விவரக் குறிப்பின் முதல் வரியில் போடுங்கள்.

செயலர் அவர்களே, கழகத்தின் அடுத்த குறும்படப் போட்டி விண்ணப்பத்தில் 'மூலம்' என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.