750 மில்லியில் ஓர் ஆடிப்பெருக்கு

வணக்கம் நண்பர்களே. படம் லேசாக ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை மகள் கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டாள், அதனால் தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்று ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் உறையூர்த் தெருவில் பாதிப் பேர் அம்மா மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே காவிரி பெருகி ஓடுகிறதாம். நான் இங்கே ஒரு பாட்டிலுக்குக் காவல் இருக்கிறேன்.

இதோ அந்தப் பாட்டில். கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். நகப்பாலிஷால் மூன்று கோடு போட்டிருக்கிறேன். காலைக்கு, மதியத்துக்கு, இரவுக்கு. ஒரு நாளைக்கு நான் குடிக்கக்கூடியது மொத்தம் 750 மில்லி. காப்பி குடித்தால் அதே அளவு தண்ணீரை இதிலிருந்து துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம் சாப்பிட்டால் அதற்கும் கணக்கு உண்டு. இந்த வீட்டில் என் நோயால் செழித்திருப்பது அந்தத் துளசி ஒன்றுதான்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. இரத்த அழுத்தம் இருந்தது, ஆனால் இருந்ததே எனக்குத் தெரியாது. கால் வீங்கியது, சோறு பிடிக்கவில்லை, பிளவுஸ் தைத்து ஓய்ந்துபோன அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்போதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. சிறுநீர் வருவது நின்று நான்கு வருடமாகிறது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் குடித்தால் எடை ஒரு கிலோ கூடும். வெள்ளிக்குப் பிறகு திங்கள்வரை இடைவெளி நீளம். அதனால் எங்களுக்கு ஞாயிறு மாலைதான் கடினம். செருப்பு இறுக்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான்தான் 750 மில்லியோடு நிற்கிறேன். அந்த டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு அரை லிட்டர் சுத்திகரிப்புத் திரவத்தை உள்ளே வாங்கி வெளியே தள்ளுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் எட்டுக் குடம்! என் இரத்தம் நிமிடத்துக்கு 300 மில்லி வீதம் குழாய் வழியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது. உடம்பில் இருப்பது ஐந்து லிட்டர் என்றால், அது ஒரே நாளில் பதினான்கு முறை வெளியூர் போய் வருகிறது. நான் அம்மா மண்டபம்கூடப் போகவில்லை.

சரி, போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார். "அக்கா, எப்படி எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள்?" அவருடைய அப்பாவுக்கு இப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறதாம். நேர்மையாகப் பதில் சொல்கிறேன் தங்கை. அழும் பகுதிகளை நான் வெட்டிவிடுகிறேன். சிரித்த பத்து நிமிடம்தான் உங்களுக்கு வருகிறது. மற்ற நேரத்தை என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

முதல் வருடம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "மனதைத் தைரியமாக வைத்துக்கொள், பாதி நோய் போய்விடும்." சாத்துக்குடி, இளநீரோடு வந்து இதைச் சொல்வார்கள். இரண்டிலும் பொட்டாசியம். அதிலும் இளநீர் எங்களைப் போன்றவர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. அன்பாகத்தான் கொண்டுவந்தார்கள், தெரியும். ஆனால் அந்த வாக்கியம் இளநீரைவிட என்னை அதிகம் படுத்தியது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடிய மாதம், ஹீமோகுளோபின் குறைந்த மாதம், நான்தான் சரியாகத் தைரியமாக இல்லையோ என்று என்னையே கணக்குக் கேட்பேன். நோயும் எனக்கு, பழியும் எனக்கு.

ஒரு நாள் இதை டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்களா என்று பார்த்தால், அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லையாம். அது வேறு நோய்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது இடுப்பிலிருந்து ஒரு குடத்தை இறக்கி வைத்தது போலிருந்தது. இன்று இரவு நான் அழுதால் அதனால் எதுவும் கெட்டுவிடாது. அழுதுவிட்டு நாளை காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறரை மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அழுகையே வராமல், மெஷினில் துணியை வைத்துவிட்டு மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. மூன்றாவது வருடம். ஒரு புதன்கிழமை நான் போகவே இல்லை. அது சோகம் இல்லை, மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. தங்கை, உங்கள் அப்பா அப்படி உட்கார்ந்தால் புத்திமதி சொல்லாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு கதை. இந்த இயந்திரத்தை முதலில் செய்தவர் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர். 1943, நாடே ஹிட்லர் படையின் பிடியில் இருந்த நேரம். இறைச்சியை அடைக்கும் செலோபேன் உறையை மர உருளை ஒன்றில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டார். இரண்டு வருடத்தில் பதினைந்து பேருக்கு மேல் முயன்றும் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர், நினைவே இல்லாமல் கிடந்தவர், கண் விழித்தார். விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? கணவரை விவாகரத்துச் செய்யப்போகிறேன் என்றாராம்! இதை நினைத்து நான் பல திங்கட்கிழமைகள் சிரித்திருக்கிறேன். நல்லெண்ணம், நன்றியுணர்வு ஒன்றும் இல்லை. கோபத்தோடு எழுந்து, அதற்குப் பிறகும் சில வருடங்கள் வாழ்ந்தார்.

என் பக்கத்துப் படுக்கைப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். "நான் விழித்ததும் காப்பி கேட்பேனம்மா, அதையும் அளந்துதான் தருவார்கள்" என்றார். அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போது நான் எட்டி நர்ஸ் மணியை அடிப்பேன். எனக்கு இழுத்தால் அவர் அடிப்பார். நான்கு மணி நேரமும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவர் பேப்பர் படிப்பார், நான் வலது கையால் கொக்கிக்கு நூல் பிரிப்பேன். நாங்கள் இருவரும் தைரியத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

எல்லோரும் கேட்பது மாற்றுச் சிறுநீரகம் பற்றி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு வயது. அதனால் அரசின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் காத்திருக்கிறேன். "பாசிட்டிவாக இரு, சீக்கிரம் கிடைக்கும்" என்பார்கள். கிடைப்பது என்றால் என்ன? ஒரு வீட்டில் ஒருவர் மூளைச்சாவு அடைய வேண்டும். பெரும்பாலும் விபத்து. 2008இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்ததை அப்போது டிவியில் பார்த்து, மாவு பிசைந்த கையோடு அழுதேன். இப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதையோடு நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் மாலை வைக்கும் செய்தி வரும்போதெல்லாம் என் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் போனைப் பார்ப்பேன். அழைப்பு வந்திருக்கிறதா என்று கை தானாகத் தேடும். அடுத்த நொடி கூசிப்போகும். கோவிலுக்குப் போனால் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறேன்.

இன்று மதியம் நாத்தனார் மஞ்சள் நூலோடு வந்தார். என் இடது மணிக்கட்டைப் பிடித்ததும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். இந்தக் கையில் நூல், வளையல், வாட்ச், பிரஷர் பட்டை எதுவும் கூடாது. டயாலிசிஸுக்காக இதில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கிறார்கள், இதுதான் ஃபிஸ்டுலா. இறுக்கினால் அடைத்துக்கொள்ளும். நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். சித்திரான்னத்தில் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் எனக்கு இல்லை. எலுமிச்சைச் சோறு இரண்டு கரண்டி, அதுவும் வேர்க்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு. நன்றாக இருந்தது. உப்புப் பற்றாது, ஆனாலும் நன்றாக இருந்தது.

நீங்கள் இதைக் கேளுங்கள். கையை மைக்குக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு வருகிறேன், இருங்கள்... கேட்கிறதா? உஷ், உஷ் என்று. தொட்டால் விர்ரென்று அதிரும், பூனையின் வயிற்றைத் தொடுவது போல. தினமும் எழுந்ததும் பல் துலக்கும் முன்னால் இதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அதிர்ந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதிராவிட்டால் உடனே ஓட வேண்டும். ஆறு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறேன்.

மணி எட்டரை. பாட்டிலில் மூன்றாவது கோட்டுக்குக் கீழே, கண்ணால் பார்த்தால், இரண்டு மடக்கு இருக்கிறது. இரவு மாத்திரைக்கு ஒரு மடக்கு. இன்னொன்றை இப்போதே உங்கள் எதிரிலேயே குடித்துவிடுகிறேன். தெருவில் காவிரியிலிருந்து திரும்பி வருகிறார்கள், பேச்சுக் குரல் கேட்கிறது. நாளை ஐந்து மணிக்கு எழ வேண்டும், கேமராவை நிறுத்துகிறேன்.